பூட்டியிருந்த ஏணி

அத்தியாயம் ஒன்பது

"ஒரு கையால தூக்குங்க, பாலா."

"அக்கா, நான் துப்பறியிற வேலைக்கு வந்தனான். பாரம் தூக்கிறதெண்டு முதலே சொல்லியிருந்தால் காலமை இன்னும் ஒரு நீத்துப்பெட்டி புட்டு சாப்பிட்டிருப்பன்."

"தூக்குங்க."

பாலேந்திரா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏணியின் நடுவில் வலக்கையைக் கொடுத்தான். ஏணி அரையடி எழும்பியது. ஒரு முனை மதிலில் இடித்தது. மறு முனை குப்பைத் தொட்டியைத் தள்ளிவிட்டது. நாற்பத்திரண்டு வயது உடம்பு, ஏணியோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"இரண்டு கை வேணும் அக்கா. கிடைச்சால் மூண்டு."

சரோஜினி குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரியை அடித்தாள். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, இன்சூரன்ஸ் கம்பனியில் முப்பது வருடம் மற்றவர்களின் பொய்களைப் பிரித்துப் பார்த்து, பிறகு மனோர் பார்க்கில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். அவள் ஒரு வரியை அடித்தால் அதற்குப் பிறகு அது எழும்பாது.

"பக்கத்து வீட்டு அம்மா என்ன சொன்னாங்க? டெனுசன் நீளமா ஏதோ ஒண்ண ஒரு கையால தோள்ல வச்சுக்கிட்டு, மறு கையால வேன் கதவத் திறந்தாரு. அப்ப அது ஏணி இல்ல."

நடந்தது இவ்வளவுதான். ஜனவரி ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, நகரத்தின் வடக்கில் எட்மண்டனில் உள்ள இந்த வீட்டின் பின்வளவில் செபமாலைமுத்து இறந்து கிடந்தார். முதல் நாள் இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. தெருவில் எல்லாக் கூரையும் வெள்ளை. இந்தக் கூரையில் பதித்திருந்த பத்து சோலார் தகடுகள் மட்டும் வழித்துத் துடைத்தது போலக் கறுப்பாக மின்னின. பனி முழுக்கக் கீழே, அவர் மேல் குவிந்திருந்தது. தலை சீமெந்துப் படியில் அடிபட்டிருந்தது. பத்து மணிக்கு வந்து முதலில் கண்டவன் டெனுசன். கூரைகளில் அன்ரனா பூட்டுபவன், அதே தேவாலயப் பங்கைச் சேர்ந்தவன், இருபது வருட நண்பன். பொலிஸ் மேலே பார்த்தது, கீழே பார்த்தது, 'கூரையில் ஏறி வழுக்கி விழுந்தார்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

ஏணி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர் ஒரே ஒருவர்.

அவர் இப்போது அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்றார். பியற்றிஸ், செபமாலைமுத்துவின் மனைவி. அறுபத்திரண்டு வயது. முதியோர் பராமரிப்பு இல்லத்துச் சீருடையைக் கழற்ற மறந்தவர் போல அதோடு நின்றார். கழுத்தில் செபமாலை, அதன் சிலுவையோடு கோத்தபடி ஒரு சின்னப் பித்தளைச் சாவி.

"இரண்டு வருசத்துக்கு முதல் உந்த ஏணியால விழுந்து கை முறிச்சவர், தங்கச்சி. அண்டைக்கு மடு மாதா படத்தில கை வைச்சு, இனி ஏணியில கால் வைக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினவர். எண்டாலும் நான் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்தில போட்டன்."

"பூட்டைத் திறக்கவே எனக்கு நல்லெண்ணெயும் கால் மணித்தியாலமும் தேவைப்பட்டது" என்றான் பாலேந்திரா. "இரண்டு வருசமா ஒருத்தரும் தொடேல்லை. இது சுத்தம்."

"அண்டைக்கு நான் வேலையில. அப்ப ஆற்ற ஏணியில ஏறினவர்? டெனுசன்ர வேனுக்கு மேல எந்த நேரமும் ஏணி கிடக்கும். ஏத்தி விட்டது அவன். விழுந்தாப் பிறகு ஏணியைக் கழற்றிக்கொண்டு போனதும் அவன். கேட்டால், நான் ஒண்டும் எடுக்கேல்லை எண்டு முகத்துக்கு நேர சொல்லுறான்." பியற்றிஸ் சாவியைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு முப்பத்தோராம் நாள் பூசை. அவன்தான் முன்னுக்கு நிண்டு செபமாலை சொல்லுவானாம். அதை விடுங்கோ. என்ர மனுசன்... மாதாவுக்குச் சத்தியம் பண்ணிப்போட்டு, பிறகு கள்ளமா ஏறிச் செத்த மனுசனுக்கு நான் எந்த வாயால செபம் சொல்லுறது? முப்பது நாளா ஒரு மணி கூட உருட்டேல்லை. நாளைக்குக் கோயிலுக்குப் போறதோ விடுறதோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

சரோஜினியின் பார்வை அடுக்களையைத் தாண்டி முன்னறைத் தொலைக்காட்சிக்குப் போயிருந்தது. அதில் சத்தமில்லாமல் செத்தவீட்டு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கனடாவிலும் மன்னாரிலும் உள்ள உறவுகள் நேரலையில் பார்ப்பதற்காக எடுத்தது; பியற்றிஸ் அதை நிறுத்துவதே இல்லை.

"அத அப்படியே நிறுத்துங்க."

படம் உறைந்தது. தேவாலய வாசல். பின்னால் பெட்டி. அதற்கு முன்னால் மடு மாதாவின் கொடியைத் தூக்கிக்கொண்டு டெனுசன். வெள்ளித் தடி போல நீண்ட, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருக்கக்கூடிய அலுமினியக் கம்பு. முழுக்க இழுத்தால் ஆறு மீற்றராவது இருக்கும்.

"நுனியப் பாருங்க, பாலா."

"கம்பு காயப்பட்டு பிளாஸ்டர் போட்ட மாதிரிக் கிடக்கு. மண்ணிற ஒட்டு ரேப். அதுக்குக் கீழ மஞ்சளா ஏதோ ஒட்டிக் கிடக்கு."

"அக்கா, உங்க வீட்டுல மஞ்சள் ஸ்பொஞ்ச் இருந்துச்சா?"

"கார் கழுவுற ஸ்பொஞ்ச். நல்ல பெரிசு." பியற்றிஸ் நெற்றியைச் சுருக்கினார். "தேடினனான், காணேல்லை."

"இந்தக் கம்பு எங்க இருக்கும்?"

"எங்கட ஷெட்டிலதான். இருபது வருசமாக் கொடிக்கு இவர்தான் பொறுப்பு. திருநாளுக்குத் திருநாள் துடைச்சு வைப்பார். செத்தவீட்டுக்கு எண்டு டெனுசன் வந்து எடுத்துக்கொண்டு போனவனாக்கும்." சொல்லி முடித்தபோது பியற்றிஸின் கை சாவியை விட்டிருந்தது.

புறப்படும்போது சரோஜினி ஒன்று மட்டும் கேட்டாள். ஆஸ்பத்திரியில் தந்த பொருட்கள் எங்கே? பியற்றிஸ் அலுமாரியிலிருந்து ஒட்டுப் பிரிக்காத பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். கைக்கடிகாரம், ஒற்றைக் கையுறை, செத்துப்போன கைபேசி. திறக்க மனம் வரவில்லை என்றார்.

பாலேந்திரா சார்ஜ் போட இடம் தேடி மாடிப்படிக்குக் கீழே குனிந்தான். லாண்ட்லைனின் வயர் பிடுங்கிக் கிடந்தது. பக்கத்தில் சோலார் பெட்டி. அதன் சிவப்புச் சுவிட்ச் அணைத்திருந்தது.

"அன்ரி, இது ஓவ்வில கிடக்கு."

"கிடக்கட்டும் தம்பி. வெயில் பட்டால் அது இரையும். அவர் உதுக்குப் பக்கத்தில நிண்டு செருமுற மாதிரி இருக்கும். சவம் எடுத்த அண்டைக்கே நிப்பாட்டிப்போட்டன். போனும் அப்பிடித்தான். ஆறுதல் சொல்லிச் சொல்லி என்னைக் கொல்லுதுகள்."

---

தேவாலய மண்டபத்தில் டெனுசன் மறுநாளைக்காக நாற்காலிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். சரோஜினி அவனிடம் வணக்கம் கூடச் சொல்லவில்லை. நேரே மூலையில் சாய்த்திருந்த கொடிக்கம்பிடம் போனாள். பாலேந்திரா அதைச் சரித்துப் பிடித்தான், ஒரு கையால். அவள் நுனியில் விரல் வைத்து உரசினாள். ஒட்டு நாடாவின் பசையோடு மஞ்சள் தூள் விரலில் ஒட்டியது.

டெனுசன் தான் வைத்த வரிசையில் முதல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் அண்டைக்குப் பின்வளவுக்குப் போகேக்க கம்பு அவற்ற கையிலதான் கிடந்தது, அக்கா. நுனியில ஸ்பொஞ்ச். அண்ணை நிலத்தில நிண்டுதான் தள்ளினவர்."

"ஏன் மறைச்சீங்க?"

"சனம் என்ன கதைக்கும்? மாதாவின்ர கொடிக்கம்பில கார் ஸ்பொஞ்ச்சைக் கட்டிக் கூரை கூட்டினவர் எண்டு கதைக்கும். செத்த மனுசன் எழும்பி வந்து மறுமொழி சொல்ல ஏலுமோ? உடனயே கம்பை எடுத்து ஷெட்டுக்குள்ள ஒளிச்சு, அம்புலன்ஸ் போனாப் பிறகு வேனுக்குள்ள வைச்சன். ஸ்பொஞ்ச்சைப் பிய்ச்சு எறிஞ்சு, கழுவித் துடைச்சு, அதையே அவருக்கு முன்னால தூக்கிக்கொண்டு போனன்."

"சத்தியமும் மாதாவிட்ட, கம்பும் மாதாவிட்ட" என்று பாலேந்திரா முணுமுணுத்தான். "மனுசன் ஒரே கடையிலதான் எல்லாச் சாமானும் எடுத்திருக்கிறார்."

சரோஜினி சிரிக்கவில்லை. "பியற்றிஸ் அக்கா உங்கள ஒரு மாசமாக் கொலைகாரன் மாதிரிப் பாக்கிறாங்க. கம்புக்காக மட்டும் அதத் தாங்கிக்கிட்டீங்களா? இன்னும் ஏதோ இருக்கு, டெனுசன்."

அவன் தரையைப் பார்த்தான்.

"காலமை எட்டரைக்குப் போன் எடுத்தவர். தகடு முழுக்கச் சினோ, என்ன செய்யிறதெண்டு கேட்டார். பத்து மணிக்கு வாறன், விடுங்கோ, கொஞ்சம் வெயில் பிடிச்சால் தானா வழுக்கி விழும் எண்டன். 'பத்து மணி பிந்திப்போகும்' எண்டார். என்ன அவசரம் எண்டு கேட்டன், சொல்லேல்லை. அப்ப நான் ஒவ்வொண்டாச் சொன்னன். சுடுதண்ணி ஊத்தாதேங்கோ, கண்ணாடி வெடிக்கும். உப்புப் போடாதேங்கோ. இரும்பு படப்படாது, மெத்தெண்ட சாமானால தள்ளுங்கோ. முதல் கீழ் வரியை இழுங்கோ எண்டும் சொன்னன்..."

"பிறகு?"

"கீழ் வரி போனால் மேல கிடக்கிறதைத் தாங்க ஒண்டுமில்லை, அக்கா. முழுக்க ஒரேயடியா வரும். நேர கீழ நிக்காதேங்கோ, பக்கத்தால நிண்டு இழுங்கோ எண்டு சொல்லவேணும். எல்லா வீட்டிலயும் சொல்லுறனான். என்ர தொழில் அது." அவன் உள்ளங்கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். "அதை மட்டும் சொல்லேல்லை."

பாலேந்திராவின் வாயில் இன்னொரு பகிடி தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டு, எஞ்சிய நாற்காலிகளை அவனே எடுத்து வரிசையில் வைக்கத் தொடங்கினான்.

---

"கேஸ் முடிஞ்சுது" என்று காரில் ஏறியதும் பாலேந்திரா சொன்னான். "ஏணியில ஏறேல்லை. சத்தியம் முறியேல்லை. டெனுசன் கொலைகாரன் இல்லை, மறதிக்காரன். பியற்றிஸ் அன்ரியிட்டப் போய்ச் சொல்லிப்போட்டு ஒரு கொத்துரொட்டி."

"பத்து மணி யாருக்குப் பிந்திப்போகும்?"

"என்ன?"

"கரண்டு இல்லாத வீடு இல்ல. தகடு வேலை செய்யலன்னா தெருக் கரண்டு தானா வரும். வேலைக்குப் போற அவசரமும் இல்ல, அவரு ரிட்டயர்ட். ஒன்றரை மணி நேரம் பொறுக்க முடியாத அளவுக்கு என்ன பிந்திப்போகும்?"

காரில் சார்ஜ் போட்டிருந்த செபமாலைமுத்துவின் கைபேசி அதற்குள் உயிர் பெற்றிருந்தது. பூட்டில்லாத கைபேசி, மறைக்க ஒன்றும் இல்லாதவருடையது போலத்தான் இருந்தது. ஒரு செபப் புத்தகம், ஒரு மரணச் செய்திப் பக்கம், சோலார் ஆப். பாலேந்திரா ஆப்பைத் திறந்து ஜனவரி ஒன்பதைத் தொட்டான்.

"காலமை முழுக்கப் பூச்சியம். ஒன்பது பத்துக்கும் பூச்சியம். ஒன்பது பதினைஞ்சுக்கு..." அவன் நிறுத்தினான். "அக்கா, இது ஏறேல்லை. லிஃப்டில போயிருக்கு."

சரோஜினி வாங்கிப் பார்த்தாள். தகடு தகடாகத் துடைத்திருந்தால் மின்சார அளவைக் காட்டும் கோடு படி படியாக ஏறியிருக்கும். இது சுவர் போல நேரே எழும்பியிருந்தது. பத்துத் தகடுகளும் ஒரே நொடியில் வெளித்திருக்கின்றன. டெனுசன் சொன்னதற்கு அதுவே சாட்சி. அந்தக் கோடு எழும்பிய நிமிடத்தில்தான் கீழே நின்ற மனிதர் விழுந்திருக்கிறார்.

அவள் விரல் இன்னொரு பக்கத்தைத் திறந்தது. இந்த ஆப்பைப் பார்ப்பவர்கள் என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பெயர் 'அப்பா'. மற்றவர் 'பிறேமினி'.

"இத அவரு செட் பண்ணல" என்றாள் மெதுவாக. "தன் பேர யாராவது அப்பான்னு போடுவாங்களா? மக செட் பண்ணிக் குடுத்தது."

பிறேமினியின் கதை குறிப்புப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தது. ஒரே மகள். ஐந்து வருடத்துக்கு முன்பு தர்மேந்திரன் என்ற சைவப் பையனிடம் மனோர் பார்க் முருகன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு ஆற்றுக்குத் தெற்கே ஸ்ட்ரெதமுக்குப் போய்விட்டாள். 'என்ர வாசல் மிதிக்காதை' என்று செபமாலைமுத்து சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்வதில்லை.

"மலேசியாப் பொடியன். உங்கட ஆள்தான் அக்கா."

"மலேசியாவுல மூணு கோடிப் பேரு இருக்காங்க, பாலா." அவள் அந்தப் பெயரைத் தொட்டாள். பிறேமினி கடைசியாகப் பார்த்த நேரங்கள் வரிசையாக விழுந்தன. ஒன்பது பதினெட்டு. ஒன்பது பதினேழு. ஒன்பது இருபது. ஒன்பது பதினெட்டு. வருடக் கணக்கில், நாள் தவறாமல்.

பாலேந்திரா கேட்காமலே காரைத் தெற்கே திருப்பினான்.

---

ஸ்ட்ரெதம் ஹைரோட்டுக்குப் பின்னால் ஒரு முதலாம் மாடி ஃபிளாட். கதவைத் திறந்தவள் ஒரு கையால் கதவையும் மறு கையால் இடுப்பையும் பிடித்திருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம் இருக்கும்.

சரோஜினி தன்னைச் சொல்லி, வந்த காரணத்தில் பாதியைச் சொன்னாள். தர்மேந்திரன் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டான். மனைவியின் முகம் தெரிகிற தூரத்தில்.

"ஓம். நான்தான் செட் பண்ணினது" என்றாள் பிறேமினி. "கல்யாணத்துக்கு முதல் வருசம் பூட்டினது. அப்பாவுக்கு ஆப் எல்லாம் தெரியாது. வெளிக்கிட்டு வந்தாப் பிறகு என்னை எடுத்துவிடுவார் எண்டு நினைச்சன். எடுக்கேல்லை. காலமை பஸ்ஸில இருந்து பாப்பன். கோடு எழும்பியிருந்தால் வீட்டில வெயில், எல்லாரும் இருக்கினம் எண்டு அர்த்தம். ஸ்டுப்பிட் எண்டு தெரியும். வேற ஒண்டும் இருக்கேல்லை."

"ஸ்னோ விழுந்தா?"

அவள் தேநீர்க் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "போன வருசம் சினோ நேரம் இரண்டு நாள் பூச்சியமாக் கிடந்தது. பயந்துபோய் லாண்ட்லைனுக்கு அடிச்சன். அப்பா எடுத்தார். எனக்குக் கதை வரேல்லை. அவரும் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு, ஆர் எண்டு கூடக் கேக்காமல், 'இஞ்ச எல்லாரும் சுகம். சினோதான்' எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டார்."

பாலேந்திரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அஞ்சு வருசத்தில அவர் என்னோட கதைச்சது அவ்வளவுதான்."

"இந்த ஜனவரி ஒன்பது?"

"பஸ்ஸில பாக்கிறன், பூச்சியம். நம்பரையும் எடுத்திட்டன். அழுத்துறதுக்கு முன்னம், கடைசியா ஒருக்கால் பாப்பம் எண்டு பாத்தன். சட்டெண்டு கோடு மேல. அப்பா எழும்பித் துடைச்சிட்டார், சுகமா இருக்கிறார் எண்டு போனை ஹாண்ட்பாக்குக்குள்ள போட்டன்." அவள் நிமிர்ந்தாள். "நான் அண்டைக்குச் சந்தோசமா வேலைக்குப் போனனான், அன்ரி. ஃபியூனரலுக்கு வந்து பின்னுக்கு நிண்டன். பெரிய கோட். அம்மா காணேல்லை. அண்டையில இருந்து கோடு இல்லை. போனும் எடுக்கினம் இல்லை. அம்மா என்ர பேருக்கும் சேத்து நிப்பாட்டிப்போட்டா எண்டு விளங்கிக்கொண்டன். எண்டாலும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

கீழே ஒரு பஸ் நின்று கிளம்பியது.

"அப்பா எத்தினை மணிக்கு விழுந்தவர்?"

சரோஜினி குறிப்புப் புத்தகத்தை மூடினாள். முப்பது வருடத்தில் அவள் நேரத்தை மாற்றி எழுதியதில்லை.

"பத்து மணிக்கு" என்றாள். "தகடெல்லாம் துடைச்சு முடிச்சு, ரொம்ப நேரம் கழிச்சு. படியில வழுக்கிட்டாரு."

பிறேமினி தலையசைத்தாள். கொஞ்சம் மூச்சு விட்டாள்.

கார் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. பாலத்தில் வைத்துப் பாலேந்திரா சொன்னான்: "உங்களுக்குப் பொய் சொல்ல வராது எண்டு நினைச்சிருந்தன்."

"வராது. அதான் சத்தமில்லாம ஓட்டுங்க."

---

பிற்பகல் இரண்டே முக்கால். பியற்றிஸ் அதே அடுக்களைக் கதவில் நின்றார். காலையிலிருந்து அசையாதது போல.

சரோஜினி எல்லாவற்றையும் நடந்த ஒழுங்கில் சொன்னாள். கம்பு, ஸ்பொஞ்ச், டெனுசன் மறந்த ஒரு வசனம், எழும்பிய கோடு. "உங்க வீட்டுக்காரரு ஏணியில கால் வைக்கல, அக்கா. சத்தியத்தக் காப்பாத்திக்கிட்டு நிலத்துல நின்னாரு. அதனாலதான் பனி அவரு மேல விழுந்துச்சு."

பியற்றிஸின் கை செபமாலைக்குப் போனது. விரல்கள் முதல் மணியைப் பிடித்தன. ஆனால் உருட்டவில்லை.

"நான் பூட்டினபடியால்" என்றார்.

"இல்ல, அக்கா..."

"சாவியை நான் வைச்சிருந்தபடியாத்தான் அவர் கீழ நிண்டவர்."

ஒரு நல்ல துப்பறிவாளர் விடை இல்லாத இடத்தில் விடை சொல்லக்கூடாது. சரோஜினி அடுத்ததைச் சொன்னாள். இரண்டு பெயர்கள். ஒன்பது பதினெட்டு. அதற்குள் கோடு எழும்பவேண்டும் என்று அவர் பட்ட அவசரம். போன வருடத்து லாண்ட்லைன். 'இஞ்ச எல்லாரும் சுகம்.' கடைசியாக, ஸ்ட்ரெதமில் கதவைத் திறந்தவளின் கை இருந்த இடம்.

பியற்றிஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எத்தினை மாசம்?"

"ஏழு."

"கிறிஸ்மஸ் பூசையால வந்து என்னைக் கேட்டவர்." குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "சோறு போட்டுக்கொண்டு நிக்கிறன். 'வயித்துப்பிள்ளைக்காரி பயந்தால் பிள்ளைக்குக் கூடாது, என்ன?' எண்டு கேட்டார். பங்கில ஆரோ ஒராளையாக்கும் எண்டு, ஓம் கூடாதுதான் எண்டன். ஆரைச் சொல்லுறீங்கள் எண்டு நான் கேக்கவே இல்லை, தங்கச்சி. அவள் வயித்தோட எண்டு பங்கில ஆரோ அவருக்குச் சொல்லியிருக்கினம். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதுக்குத்தான் அவர் கேட்டது. அஞ்சு வருசமா அவருக்குப் பயந்து நான் அவளின்ர பேரைச் சொல்லேல்லை. அவர் எனக்குப் பயந்து சொல்லேல்லையோ தெரியாது."

பாலேந்திரா ஒரு கோப்பை தண்ணீரை மேசையில் வைத்தான். அவர் அதைத் தொடவில்லை.

"அந்தக் கோடு எழும்பினது ஏனெண்டு அவளுக்குச் சொன்னீங்களோ?"

"இல்ல. பத்து மணிக்கு விழுந்தாருன்னு சொன்னேன்."

பியற்றிஸ் அவளை நேரே பார்த்தார்.

"அப்ப அவர் விழுந்தது பத்து மணிக்குத்தான்" என்றார். "டெனுசனுக்கும் சொல்லிவிடுங்கோ. நாளைக்கு அவனே செபமாலை சொல்லட்டும். கொடியையும் அவனே பிடிக்கட்டும்."

பிறகு எழும்பி மாடிப்படிக்குக் கீழே போனார். குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, உந்தப் போன் வயரைக் கொளுவிவிடும். சுவிட்சை நான் போடுறன்."

சிவப்புச் சுவிட்ச் ஒரு பெரிய சத்தத்தோடு திரும்பியது. பெட்டியில் பச்சை விளக்கு ஒன்று சிமிட்டியது. மூன்று நிமிடம் சிமிட்டிக்கொண்டே இருந்தது. எட்மண்டன் கூரைகளுக்கு மேல் பெப்ரவரி வெயில், பேருக்குத்தான் வெயில். ஆனால் பெட்டி இரையத் தொடங்கியது. யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று செருமுவது போல. பியற்றிஸ் கண்ணை மூடிக்கொண்டார். நகரவில்லை.

நான்கு நிமிடம். ஐந்து. பாலேந்திரா கடிகாரத்தைப் பார்த்தான், சரோஜினி அவனை முறைத்தாள்.

லாண்ட்லைன் அடித்தது.

மூன்று தரம் அடிக்க விட்டு பியற்றிஸ் எடுத்தார். மறுமுனையில் சத்தமே இல்லை. மூச்சு மட்டும். இவர் பக்கத்திலும் மூச்சு மட்டும். சரோஜினி மெல்ல முன்கதவைத் திறந்து பாலேந்திராவை வெளியே தள்ளினாள். கதவு சாத்துவதற்குள் அந்த ஒரு வசனம் அவர்கள் காதில் விழுந்துவிட்டது.

"இஞ்ச ஒருத்தரும் சுகமில்லை, பிள்ளை. வீட்ட வா."